லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே?

சென்னைக்குக் குடிவந்த மூன்றாம் நாள் காலையில் பால் வாங்கப் போகும்போதுதான் அந்தப் பலகையைப் பார்த்தேன். லேக் வியூ ரோடு. மேற்கு மாம்பலத்தில் மகள் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள், ஒரு மருந்துக்கடை, வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி, சுவரோரம் நெருக்கி நிறுத்திய ஸ்கூட்டர்கள். தண்ணீர் இருந்த தடயமே இல்லை. பால் பூத்தில் நின்ற பையனிடம், "தம்பி, இங்க ஏரி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "எந்த ஏரியா போணும் சார்?" என்றான்.

பக்கத்தில் சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "அவனுக்கு இன்னா தெரியும். எங்க மாமியார் சொல்லும், ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட பூரா தண்ணிதான்னு. நான் பாக்கல. அது பாத்துருக்கு." ஒரு கட்டு முளைக்கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த நடை இது. இப்போது பத்து மாதம் ஆகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் 33 வருஷம் நில அளவைத் துறையில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். போன வருஷம் ஓய்வு பெற்றேன். மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பேரனுக்கு நான்கு வயது. ஜூன் மாதம் நானும் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிட்டோம்.

மாற்றலாகிப் புதுக் கிராமத்துக்குப் போகும்போதெல்லாம் என் முதல் மேலதிகாரி சொல்லிக்கொடுத்த ஒன்றைக் கடைசி வரை விடாமல் செய்தேன். "பதிவேட்டை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல எல்லையைச் சுத்தி நடந்து வா. தண்ணி எங்கருந்து வருது, எங்க போகுதுன்னு கால் சொல்லும்" என்பார். அதே வேலையில் இன்னொரு பழக்கமும் உண்டு. சங்கிலி பிடிக்கிறவர் அளவைச் சத்தமாகச் சொல்வார். எழுதுகிறவர் அதே அளவைத் திரும்பச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தில் எழுத வேண்டும். வயல்காட்டுக் காற்றில் அறுபது எழுபதாகக் காதில் விழும். ஒரு இலக்கம் மாறினால் இரண்டு குடும்பம் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலையும். "முப்பத்திரண்டு புள்ளி நாலு." "முப்பத்திரண்டு புள்ளி நாலு." என் வாழ்க்கையில் நான் அதிகம் கேட்ட சத்தம் அதுதான்.

சென்னையின் எல்லையைச் சுற்றி நடக்க முடியாது. மாநகராட்சிப் பரப்பு மட்டும் 426 சதுர கிலோமீட்டர். அதனால் வேறு முறை வைத்துக்கொண்டேன். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, வருகிற பேருந்தில் ஏறி, பெயர் பிடித்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்து வீட்டைப் பார்த்து நடப்பது. போனில் வரைபடம் பார்ப்பதில்லை. துணிப்பையில் குடை, தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, ஐந்து மீட்டர் இரும்பு டேப். என் நடையில் ஒரு எட்டு இரண்டரை அடி. இது வருஷக்கணக்காகச் சரிபார்த்த அளவு. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,310 எட்டு. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன்.

முதலில் அந்தக் கீரைக்காரப் பாட்டியின் மாமியார் பார்த்த தண்ணீரைத் தேடினேன்.

கடல் கிழக்கே. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சாய்கிறது. அப்படியானால் ஏரிக்குக் கரை கிழக்குப் பக்கம் இருந்திருக்க வேண்டும்; மேற்கே நாங்கள் குடியிருக்கிற பக்கம் நீர்ப்பிடிப்பின் ஓரம். ஓரத்தில் நின்றால் ஏரி தெரியும், அதனால் லேக் வியூ. இவ்வளவு கணக்கைப் போட்டுக்கொண்டு துரைசாமி சுரங்கப்பாதை வழியாக ரயில் பாதையைத் தாண்டி தி.நகருக்குள் போனேன். காலை ஆறு மணிக்கு ரங்கநாதன் தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? கடைகள் எல்லாம் ஷட்டர் போட்டு, நடுத்தெருவில் இரண்டு நாய்கள் படுத்திருக்கும். அந்த நேரத்தில்தான் தரை தெரியும். பனகல் பூங்கா வரை போய், அங்கிருந்து வெங்கடநாராயணா சாலை முழுக்க நடந்தேன். மேடு பள்ளமே இல்லை. தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகின்றன. மேற்கு மாம்பலத்தில் அப்படி இல்லை, தெரு வளையும், ஒடுங்கும், திடீரென்று முட்டி நிற்கும். வண்டிப்பாதையும் வரப்பும் தெருவாக மாறிய இடத்தில் அப்படித்தான் இருக்கும். நேரான தெரு என்றால் யாரோ ஒரே நாளில் மேஜையில் ஸ்கேல் வைத்துப் போட்ட தெரு.

அப்படியே போட்டதுதான். மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து ஒரே நீளமாகக் கிடந்ததால் ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றார்கள். 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த காலம். பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர், நகருக்குப் பிட்டி தியாகராயர் பெயர், தெருவுக்கு முகமது உஸ்மான் பெயர். பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்தால் அந்தக் கால அரசியலின் பாதி வந்துவிடும். ஏரியின் பெயர் மட்டும் தி.நகர் பலகைகளில் என் கண்ணுக்குப் படவில்லை.

வடக்கே போனால் படுகிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றே முதல் தெரு, இரண்டாம் தெரு என்று வரிசையாக இருக்கின்றன. 1976-ல் கட்டிய வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். அதன் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது கிடைத்தது டேங்க் பண்ட் ரோடு. ஏரிக்கரைச் சாலை. பலகையைப் பார்த்ததும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். கரை கிடைத்துவிட்டது. நோட்டை எடுத்து, தேதி போட்டு, மேற்கே லேக் வியூ, வடக்கே டேங்க் பண்ட் என்று இரண்டு புள்ளி வைத்தேன். ஊரில் ஒரு குளத்தின் கரையைத் தேடிக் கண்டுபிடித்த நாளில் என்ன சந்தோஷம் இருக்குமோ அதே சந்தோஷம்.

குளம் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் பாசனத்துக்கு இருப்பதெல்லாம் குளம். இங்கே ஏரி. எங்களுக்கு மடை, இவர்களுக்கு மதகு. உபரித் தண்ணீர் வெளியேறும் இடம் எங்களுக்கு மறுகால், இவர்களுக்குக் கலங்கல். சொல் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். மேல் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழ்க் குளத்துக்குத் தண்ணீர் வரும். செங்கல்பட்டுச் சீமை முழுக்க இப்படிக் கோத்துவிட்ட ஏரிகள்தான். ஒன்றைத் தூர்த்தால் அதற்கு வர வேண்டிய தண்ணீர் வராமல் இருந்துவிடாது. பழைய வழியிலேயே வந்து நிற்கும். மழைக்காலத்தில் எந்தச் சுரங்கப்பாதை முதலில் நிரம்புகிறது, எந்தத் தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது என்பதைப் பத்திரிகையில் படிக்கிறோமே, அவற்றில் பல இடங்களில் எனக்கு ஒரு பழைய ஏரியோ வாய்க்காலோதான் தெரிகிறது.

ஊர்ப் பெயர்களையும் எழுதி வைக்க ஆரம்பித்தேன். வேப்பேரி, ஓட்டேரி, இரண்டிலும் ஏரி அப்படியே இருக்கிறது. சூளைமேடு மேடு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும், இது மாம்பலத்து மேட்டுப்பாளையம். மந்தைவெளியில் மாடு மேய்ந்திருக்கும். சென்னையின் சராசரி உயரமே கடல் மட்டத்திலிருந்து ஏழு மீட்டருக்குள்தான். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு அடி ஏற்றத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த இரண்டு அடி அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்!

ஜார்ஜ் டவுனுக்கு ஐந்து தடவை போயிருக்கிறேன். முதல் தடவை போனது ஒரு கல்லைப் பார்க்க. பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் நிற்கிறது அது. மேலே போகப் போக ஒடுங்கும் கல். ஆயிரக்கணக்கான பேர் அதை உரசிக்கொண்டு போகிறார்கள். கதை இதுதான்: 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் ஊர் திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டைக்கு ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வான் என்று, வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்கிற இடம் அது. இதற்கு மேல் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773 ஜனவரி 1 தேதியிட்டு ஆறு எல்லைக்கல் நட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது இந்த ஒன்று.

எத்தனை எல்லைக்கல்லை நட்டிருப்பேன், எத்தனையைத் தோண்டித் தேடியிருப்பேன்! வரப்புக்குள் புதைந்ததை, வேலிக்காரன் இரண்டு அடி தள்ளி வைத்ததை, அம்மி கொத்தத் தூக்கிக்கொண்டு போனதை எல்லாம் பார்த்திருக்கிறேன். 250 வருஷம் இடம் மாறாமல் நிற்கிற எல்லைக்கல்லை இப்போதுதான் பார்க்கிறேன். உள்ளங்கையை வைத்தேன். வெயில் பட்ட பக்கம் சூடாகவும் மறுபக்கம் சில்லென்றும் இருந்தது. பக்கத்தில் சாவி செய்கிற தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், சாமி கல்லா?"

"எல்லைக்கல் தம்பி."

"யாரோட எல்லை?"

சொன்னேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். "பதினாறு வருஷமா இங்கதான் சார் உக்காந்துருக்கேன். எதுக்கு வெச்சாங்கன்னு யாரும் சொன்னதில்ல" என்றார். போகும்போது டீ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டாவது தடவை நான் போனபோது வேறு யாருக்கோ அந்தக் கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வருஷத்தைச் சரியாகச் சொன்னார்.

அங்கிருந்து மேற்கே போனால் வால்டாக்ஸ் சாலை. புதிதாகக் கட்டிய ஊருக்கு மதில் எழுப்பிவிட்டு, அந்தச் செலவுக்கு மக்களிடம் வரி போட நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, மதிலும் பெரும்பாலும் போய்விட்டது, சாலையில் இரண்டின் பெயரும் இருக்கிறது. மதிலின் ஒரு துண்டை வடக்கே மாடிப் பூங்காவில் பார்க்கலாம். யானைக்கவுனி என்பதும் அந்த மதிலின் வாசல் ஒன்றின் பெயர்தான். அப்புறம் ஏழுகிணறு. கோட்டைக்குக் குடிநீர் கொடுக்க 1772-ல் ஏற்படுத்திய கிணறுகளின் பெயர் அந்தப் பகுதிக்கே நின்றுவிட்டது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீரா என்று தோன்றும். கடலோர மணல் மழைத் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், அளவோடு எடுத்தால் இனிக்கும், அவசரப்பட்டு இறைத்தால் உப்பு ஏறும்.

அந்தத் தெருக்களில் வீட்டு வாசலுக்கு வாசல் அடிபம்பு. காலை ஏழு மணிக்குப் போனால் அதன் சத்தம்தான் தெருவின் சத்தம். ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் கைப்பிடியில் தொங்கித் தொங்கி அடிக்கிறான், அவன் அக்கா பச்சை, மஞ்சள், ஊதா என்று பிளாஸ்டிக் குடங்களை மாற்றி மாற்றி வைக்கிறாள். ஒரு குடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணினேன். 38. பையன் நிறுத்தி மூச்சு வாங்கினான். குடம் நிறைந்ததும் அந்தப் பெண் விளிம்பில் ததும்பினதைக் கையால் வழித்து வாசலில் இருந்த துளசித் தொட்டியில் விட்டாள். ஒரு சொட்டு மண்ணில் விழவில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் கால் கழுவ ஒரு அண்டா தண்ணீர் செலவழிப்போம். அந்தக் கையை நான் மறக்க மாட்டேன்.

மனைவிக்கு மூட்டு வலி, தூரம் நடக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் போவேன். தெப்பக்குளத்தைச் சுற்றி மாடவீதிகளில் ஒரு சுற்று வந்தால் அவளுக்குப் போதும். "ஏங்க, நம்ம ரத வீதி மாதிரியே இருக்குல்லா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நெல்லையப்பர் கோயில் பக்கத்து வீதிகளைச் சொல்கிறாள். அங்கேதான் முதன்முதலாக இந்த ஊரில் அவள் முகம் தெளிந்தது. காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடித்துவிட்டுப் பேருந்தில் திரும்புவோம்.

நடக்கிறவர்களுக்கு இந்த ஊர் எளிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நடைபாதை ஒரு இடத்தில் இடுப்பு உயரம், அடுத்த வாசலில் தரை மட்டம். நடுவில் மின்பெட்டி நிற்கும், இல்லாவிட்டால் வண்டி நிற்கும். மழைநீர்க் கால்வாயின் மூடிக்கல் ஒன்று ஆகஸ்ட் மாதம் என் எடையில் சாய்ந்து இடது கணுக்கால் புரண்டது. மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். இப்போது எந்த மூடிக்கல்லையும் குடையால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் மிதிப்பேன், சத்தத்திலேயே ஆடுகிறதா என்று தெரியும். என் மனைவி வயதுப் பெண்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே நடக்கத் தயங்குவது கால் வலியால் மட்டும் இல்லை, நல்ல கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாததால். இது சரியாக வேண்டும். ஊரை நடந்து பார்க்கிற சந்தோஷம் திடகாத்திரமான ஆண்களுக்கு மட்டும் ஆனதாக இருக்கக்கூடாது.

கணுக்கால் சரியானதும் முதலில் போனது பரங்கிமலைக்கு. என் தொழிலில் இருந்தவனுக்கு அது யாத்திரை. இந்தியாவை முழுக்க அளந்த பெரும் முக்கோண அளவைக்கு 1802 ஏப்ரல் 10-ம் தேதி முதல் கோடு போட ஆரம்பித்தது இந்த மலையடியில்தான். வில்லியம் லாம்டன் என்கிற ராணுவ அதிகாரி. பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல், கூட்டமாகச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். அவருடைய எஃகுச் சங்கிலி 100 அடி நீளம், 40 கணு. ஒரு கணு இரண்டரை அடி. இதைப் படித்த அன்று நான் எழுந்து நின்று வீட்டு ஹாலில் ஒரு எட்டு வைத்துப் பார்த்தேன். இரண்டரை அடி. அவர் போட்ட கோடு என் நடையில் 15,840 எட்டு.

சித்திரை வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும். அதனால் வரும் பிழையைச் சரிக்கட்ட அவர் வெப்பமானி வைத்து ஒவ்வொரு தடவையும் கணக்குப் பார்த்தார். நாங்களும் மதியம் அளந்ததை மறுநாள் காலை ஒரு தடவை சரிபார்ப்போம். படியேறி மேலே போய், 1523-ல் கட்டிய தேவாலயத்தின் பக்கத்தில் தெற்கே பார்த்து நின்றேன். அவர் பார்த்தபோது வயலும் ஏரியும் பனையும் இருந்திருக்கும். இப்போது கண்ணுக்கு எட்டியவரை கட்டடம். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் கிட்டத்தட்ட நம் கண் மட்டத்தில் போகிறது. அந்தக் கோட்டில் நேராக நடக்க இன்றைக்கு வழியே இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்பு என்று தண்ணீர் தேங்குகிற நிலமாகவே கிடந்த பக்கம் அது.

மகளும் மாப்பிள்ளையும் வீடு வாங்கப் பார்த்ததும் அந்தப் பக்கம்தான்.

தெற்கே ஒரு புறநகர். பெயர் சொல்ல விரும்பவில்லை. இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி, அப்ரூவல் எல்லாம் இருக்கிறது, வங்கியில் கடனும் தருகிறார்கள். மகள் படத்தைக் காட்டினாள். வாடகை வீட்டில் எட்டு வருஷம் இருந்துவிட்டாள், அவள் ஆசை எனக்குப் புரிந்தது. "நான் ஒரு தடவை நடந்து பாத்துட்டு வரேன்" என்றேன். "கார்ல போய் எல்லாம் பாத்தாச்சுப்பா. ரோடு நல்லா அகலமா இருக்கு" என்றாள்.

செப்டம்பரில் தனியாகப் போனேன். பேருந்தை இரண்டு நிறுத்தம் முன்னாடியே விட்டு இறங்கி நடந்தேன். 600 எட்டுக்குள் காலில் இறக்கம் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாது, குதிகால் முந்திப் பதிகிற விதத்தில் தெரியும். இறக்கம் முடிகிற இடத்தில் அந்தக் கட்டடம். மனையை மட்டும் கிராவல் அடித்து மூன்று அடி உயர்த்தியிருந்தார்கள். விற்பனைக்கு நின்ற பையன், "ஒரு சொட்டு தண்ணி உள்ள வராது சார், லெவல் ஏத்தியாச்சு" என்றார். நல்ல பையன், அவர் அறிந்ததைச் சொன்னார். நான் வெளியே வந்து சுற்றியிருக்கிற பழைய வீடுகளைப் பார்த்தேன். தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வாசலுக்குப் போக வேண்டும். சாலையைச் சுரண்டாமல் மேல் மேலே போட்டதில் வீடுகள் எல்லாம் தாழ்ந்துவிட்டன. மோட்டாரைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி வைத்திருந்தார்கள். மீட்டர் பெட்டி தலைக்கு மேலே. ஒரு வீட்டில் ஸ்கூட்டர் ஏற்றி நிறுத்த மாடிப்படித் திருப்பம் வரைக்கும் சரிவுப் பலகை. இதையெல்லாம் யாரும் அழகுக்குச் செய்யவில்லை.

அதில் ஒரு வீட்டுத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அம்மா, "என்ன தேடுறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வந்து சுற்றுச்சுவரைக் காட்டினார். சிமென்ட் பூச்சில் ஆணியால் கீறிய இரண்டு கோடு. மேல் கோட்டுக்குப் பக்கத்தில் 2.12.15 என்று கீறியிருந்தது. கீழ்க் கோட்டில் தேதி இல்லை, மிக்ஜாம் என்று 2023 புயலின் பெயர் எழுதியிருந்தது. "எம் பையன் கீறுனது. பெயின்ட் அடிக்கறப்ப இந்த ரெண்ட மட்டும் விட்டுடுன்னு சொல்லிட்டேன்" என்றார். எங்கள் ஊரில் மடைக் கல்லில் வெள்ள மட்டம் கொத்தி வைப்பார்கள். அதே வேலையை இந்த அம்மா சுவரில் செய்து வைத்திருக்கிறார். "அந்தப் புதுக் கட்டடம் வந்தப்புறம் எங்களுக்கு இன்னும் ஒசரமா நிக்கும்" என்றும் சொன்னார். உண்மை. மேடாக்கின இடத்தில் நிற்காத தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகளுக்குக் கோபம். "நீங்க பாக்கற மாதிரி பாத்தா சென்னைல எங்கயுமே வீடு வாங்க முடியாதுப்பா" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. முன்பணம் கட்ட நவம்பர் கடைசி வரை நேரம் இருந்தது. நான் அந்தப் பேச்சை அதோடு விட்டேன். காலையில் வழக்கம்போல் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

நவம்பரில் இரண்டு நாள் தொடர்ந்து மழை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்கு நான் குடையை எடுத்தபோது மகள் தலையை முடிந்துகொண்டு வந்து நின்றாள். "எங்க போறீங்களோ அங்க நானும் வரேன்" என்றாள். எங்கே போவது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அதே பேருந்து, அதே நிறுத்தம். முதல் 600 எட்டில் பாதியிலேயே அவள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, அப்புறம் கெண்டைக்காலை. புதுக் கட்டடத்தின் வாசல் காய்ந்து கிடந்தது. அதன் சரிவுத் தளத்திலிருந்து மழைத் தண்ணீர் பழுப்பாக வழிந்து எதிர் வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா படியில் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் ஓடிப்போய் ஒரு மூட்டையை மறுபக்கம் பிடித்தாள். ஏழெட்டு மூட்டை வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"கோடு எங்கப்பா?"

காட்டினேன். என் பைக்குள் கையை விட்டு டேப்பை அவளே எடுத்தாள். தண்ணீருக்குள் குனிந்து முனையை வாசல் தரையில் அழுத்திப் பிடித்து, மேல் கோடு வரை இழுத்து, மழையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நான் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன்.

"நூத்தி இருபத்தி நாலு" என்றாள் சத்தமாக.

"நூத்தி இருபத்தி நாலு" என்று சொல்லி எழுதினேன்.